படகு டிரெய்லர்: எடையும் உப்பும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 16 அடி ஃபைபர் படகு இருக்கிறது. வெறும் படகு 320 கிலோ, அவுட்போர்டு இன்ஜின் 100 கிலோ. வார இறுதிகளில் காரில் பழவேற்காட்டுக்கு இழுத்துச் செல்ல ஆசை. சதுரக் குழாயை வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து, பழைய கார் அச்சைப் பொருத்தி, 500 கிலோ தாங்கும் டிரெய்லரைக் குறைந்த விலைக்குச் செய்து தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், நீலாங்கரை

பதில்: இந்த டிரெய்லர் உங்கள் படகுக்குப் பொருந்தாது, வாங்க வேண்டாம். உங்கள் கணக்கில் 420 கிலோதான் வருகிறது. ஆனால் 50 லிட்டர் பெட்ரோலே சுமார் 37 கிலோ இருக்கும். பேட்டரி, நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட்டுகள், ஐஸ் பெட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் சுமை 500 கிலோவைத் தாண்டிவிடும். பட்டறைக்காரர் சொல்லும் 500 கிலோ படகின் சுமையை மட்டும் குறிக்கிறதா, டிரெய்லரின் சொந்த எடையும் அதில் அடக்கமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படகுச் சுமை மட்டுமே 600 கிலோ வரை தாங்கக்கூடியதாகப் பார்ப்பது நல்லது. அதற்கும் முன்னதாக, இழுக்கக்கூடிய எடை எவ்வளவு என்று உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள். டிரெய்லர் இழுக்கக் கூடாது என்று அதில் இருந்தால், எந்த டிரெய்லரும் அந்தக் காருக்கு உதவாது.

எடையைவிட எனக்குக் கவலை தருவது உப்பு. பழவேற்காடு ஏரியின் நீர் உவர்நீர். படகை இறக்கும்போது சக்கரமும் அச்சும் சட்டகத்தின் பின்பகுதியும் அதில் மூழ்கும். சதுரக் குழாய்க்கு வெளியே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் உள்ளே புகுந்த உப்புநீர் வெளியேற வழியின்றித் தேங்கி, குழாயை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும் சட்டகம் ஒருநாள் சாலையில் முறியும்போதுதான் அது நமக்குத் தெரியவரும். ஆகவே, வெட்டி, துளையிட்டு, வெல்டிங் முடித்த பிறகு முழுச் சட்டகத்தையும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த டிரெய்லரையே கேளுங்கள். துத்தநாகம் பூசிய குழாயை வாங்கி வந்து பிறகு வெல்டிங் செய்வது இதற்கு ஈடாகாது. பற்றவைத்த இடங்களில் பூச்சு எரிந்துபோய், துரு அங்கிருந்தே தொடங்கும்.

பேரிங்குக்கும் இதே ஆபத்து உண்டு. பேரிங் இருக்கும் சக்கரக் குடம் (ஹப்) நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஓடிவந்ததும் சூடாக இருக்கும்; அதை உடனே நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கையால் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்த பிறகே இறக்குங்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரால் சட்டகம், ஸ்பிரிங், பிரேக் அனைத்தையும் கழுவ வேண்டும்.

டிரெய்லரைக் காரோடு மாட்டும் இழுகொக்கியின் மேல் விழும் எடை, டிரெய்லரும் படகும் சேர்ந்த மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை இருக்க வேண்டும். மொத்தம் 720 கிலோ என்றால் 50 முதல் 72 கிலோ. டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, முன்முனையின் கீழ் எடை பார்க்கும் கருவியை வைத்து நீங்களே அளக்கலாம். இது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியும். படகை டிரெய்லரில் இழுத்து ஏற்றும் வின்ச் பொருத்திய முன்தூணை முன்னே நகர்த்திப் படகையும் முன்னே இழுத்து வைத்தால் சரியாகும். எனவே அந்தத் தூண் நகர்த்தக்கூடியதாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் பதிவு தேவை. இழுக்கும் காரின் எண்ணும் அதன்மேல் தெரிய வேண்டும். விற்பனைச் சான்றும், சாலைத் தகுதிக்கான உற்பத்தியாளர் சான்றும் தர இயலாத பட்டறையிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய டிரெய்லர் ஒன்று விலைக்கு வருகிறது. எதைச் சோதிக்க வேண்டும்?
– வாசகர், ராயபுரம்

பதில்: சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுழற்றுங்கள், கரகரவென்ற சத்தமோ ஆட்டமோ இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. குடத்தின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். 2316 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அத்தனை பழைய டயரை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். சட்டகக் குழாயைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓசை மந்தமாக மாறும் இடத்தில் உள்ளே துரு இருக்கலாம். அப்படி ஓர் இடம் அச்சுக்கு அருகில் இருந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த டிரெய்லரை வாங்காதீர்கள்.