உலர்கனிகளின் இலத்தீன் பெயர்களை எப்படிக் கற்பது?

தாவரவியலில் புதிதாக நுழைந்த ஒருவர், உலர்கனி வகைகளின், அதாவது முற்றியதும் சதையின்றிக் காய்ந்துவிடும் கனிகளின், இலத்தீன் பெயர்கள் மனத்தில் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறார். பட்டியலை ஒதுக்கிவிட்டுக் காய்களைக் கையில் எடுத்துப் பார்ப்பதே நல்ல வழி என்பேன். கனி முற்றி உலர்ந்தபின் தானே வெடிக்கிறதா, வெடிக்காமல் உதிர்கிறதா, துண்டுகளாகப் பிரிகிறதா என்று முதலில் கவனியுங்கள். அது எத்தனை சூலக இலைகளிலிருந்து (பூவின் சூலகத்தை உருவாக்கும் அலகுகள்) உருவானது என்பதை அடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பெயர்கள் இவ்விரு கேள்விகளின் விடையிலேயே அடங்கிவிடும்.

அவரையும் கடுகும் இதற்குத் தெளிவான சான்றுகள். அவரைக்காய் ஒரே சூலக இலையிலிருந்து தோன்றி இரு விளிம்புகளிலும் பிளப்பதால் லெகூமென் எனப்படுகிறது. கடுகின் காயோ இரண்டு சூலக இலைகள் இணைந்து உருவாவது. ஓடுகள் இரண்டும் அடியிலிருந்து கழன்ற பின்னரும் நடுவே மெல்லிய போலி இடைச்சுவர் நிற்க, அதன் சட்டத்தில் விதைகள் ஒட்டியிருக்கும். அதனால் அது சிலிக்குவா. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751ஆம் ஆண்டிலேயே இவ்விரண்டையும், பல சூலக இலைகள் இணைந்து உருவாகி வெடிக்கும் கனியான காப்சூலாவையும் தனித்தனி வகைகளாக வைத்துவிட்டார். எருக்கங்காய் ஒரு பக்கம் மட்டுமே பிளக்கும் ஃபொல்லிகுலஸ். முற்றிய வெண்டைக்காய் ஒவ்வோர் அறையின் முதுகிலும் வெடிக்கும் காப்சூலா.

வெடிக்காதவற்றில், கனியுறையும் விதையுறையும் ஒட்டிப்போன அரிசி கேரியோப்சிஸ். இங்கே தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்து ஆற்றங்கரைகளில் வளரும் கோம்பிரீட்டம் எரித்ரோஃபில்லத்தின் நான்கு சிறகுக் கனியைச் சமாராவோடு, அதாவது வெடிக்காத சிறகுக் கனிகளோடு, சேர்ப்பார்கள். பிரியும் கனிக்கு, டர்பனில் நம் வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கும் தனியாவே போதும்: விதை என்று நாம் சொல்லும் அந்த உருண்டை உண்மையில் ஒரு கனி, விரலால் தேய்த்தால் ஒற்றை விதையுள்ள இரு பாதிகளாகப் பிரியும் கிரெமோகார்ப்பியம்.

குடும்பத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இம்மாகாணத்தின் கடற்கரையோரக் காடுகளில் படரும் எண்டாடா ரீடி என்ற பெருங்கொடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆயினும் அதன் மிக நீண்ட காய் லெகூமென் போல இரண்டாகப் பிளப்பதில்லை, ஒற்றை விதைத் துண்டுகளாக உடைந்து உதிர்கிறது. அது லோமெண்டம் வகை. விளிம்பு மட்டும் சட்டமாகக் கொடியில் தங்குவதால் கிராஸ்பீடியம் என்றும் குறிப்பார்கள்.

இப்பெயர்களைக் கற்பதில் நேரடிப் பயனும் உண்டு. 1935 முதல் 2011 இறுதிவரை புதிய தாவர இனங்களை இலத்தீனில் விவரிப்பது கட்டாயமாக இருந்ததால், அக்காலத்துத் தென்னாப்பிரிக்கத் தாவரங்களின் மூல விவரிப்புகளில் கனியை அடையாளம் காண இச்சொற்களே வேண்டும்.