கெப்பின் பின்பெட்டியில் டீசல் கேனும் ராக்கும்: பூட்டுங்கள், ஒட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் வயல் வெல்லாவெளிக்கு அப்பால் இருக்கிறது. அறுவடை முடியும்வரை வட்டைக்குள் வாடி போட்டுத் தங்குவோம். கிட்டடியில் பெற்றோல் ஷெட் இல்லை. அதனால் டபிள் கெப்பின் பின்பெட்டியில் 20 லீற்றர் டீசல் கேன் நாலும், தண்ணீர் பம்புக்குப் பெற்றோல் கேன் ஒன்றும் வைக்கவும், சங்கிலி, ஜக், மண்வெட்டி, டூல்ஸ் அடுக்க ஓர் இரும்பு ராக் அடிக்கவும் யோசிக்கிறேன். வெல்டிங்காரர் பெட்டித் தகட்டிலேயே ஒட்டிவிடலாம் என்கிறார். இன்னொருவர், "இதுக்குப் பெமிட் வேணும், நான் எடுத்துத் தாறன்" என்று காசு கேட்கிறார். செய்யலாமா? பொலிஸ் பிடிக்குமா?
(படுவான்கரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி. பெட்டித் தகட்டில் ஒட்ட மட்டும் விடாதீர்கள், போல்ட் போட்டுப் பூட்டுங்கள். பெமிட் எடுத்துத் தருகிறேன் என்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவசரமென்றால் இதோடு வாசிப்பதை நிறுத்தினாலும் பரவாயில்லை. அறுவடைக்கு நாளிருந்தால் மிச்சத்தையும் வாசியுங்கள், ஏனென்றால் உங்களை ஏமாற்றக் காத்திருப்பவர் அந்த ஒருவர் மட்டுமல்ல.

முதலில் பாரம். 20 லீற்றர் டீசல் ஏறத்தாழ 17 கிலோ, இரும்புக் கேன் சுமார் நாலு கிலோ. ஆக நிரம்பிய கேன் ஒன்று 21 கிலோ. நாலு டீசல், ஒரு பெற்றோல் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். ராக்கும் சாமானும் சேர்த்து இருநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கெப்புக்கு இது பெரிய பாரமே இல்லை. அது இருக்கும் இடமும் அதைப் பிடித்திருக்கும் பிடியும்தான் பிரச்சினை. மாடு குறுக்கே வந்து பிரேக்கை மிதிக்கும்போது கேன் முன்னுக்குப் பாயும். பிரித்தானியாவில் லொறிப் பாரம் கட்டுபவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்: கட்டு முன்பக்கமாக முழு எடையையும், பக்கங்களுக்கும் பின்னுக்கும் பாதி எடையையும் தாங்க வேண்டும். உங்கள் கேன் வரிசைக்கும் அதே கணக்கை வையுங்கள். நூறு கிலோ முன்னுக்குத் தள்ளும்போது தாங்க முடியாத ஒரு பிடி அந்த ராக்குக்கு வேண்டாம்.

இடம் எதுவென்றால், பின்பெட்டியின் முன்சுவர், அதாவது ஆட்கள் இருக்கும் கெபினுக்குப் பின்னால் நெருக்கமாக, தரையோடு. அங்கே வைத்தால் பாரம் பின்சில்லுக்கு முன்னால் விழும், வண்டியின் தலை தூக்காது. பின்கதவில் தொங்கவிடுவது, பெட்டியின் பக்கச்சுவருக்கு வெளியே மாட்டுவது இரண்டும் வேண்டாம். பின்னால் ஒருவன் மோதினால் முதலில் நசுங்குவது அந்தக் கேன்தான். வேலை தொடங்கமுன் வண்டிக்குக் கீழே குனிந்து சைலன்சர் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பாருங்கள். வண்டிக்கு வண்டி அது மாறும். கேன் வரிசை அதற்கு மறுபக்கம் இருக்கட்டும். பெற்றோல் கேனை டீசல் கேன்களிலிருந்து ஒதுக்கி, காற்றுப் படும் இடத்தில் தனியாக வையுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று, நாலு மடங்கு பாரம். அது மேலே போகாது, பெட்டியின் அடியில் தேங்கி நிற்கும். கெனப்பி போட்டுப் பூட்டிய பெட்டிக்குள் பெற்றோல் வைத்தால் அது தேங்கியே கிடக்கும். கெபினுக்குள், சீற்றுக்குப் பின்னால் பெற்றோல் வைப்பது பற்றிப் பேசவே தேவையில்லை. ஒருபோதும் வேண்டாம்.

இனி அந்த ஒட்டு வேலை. ஏன் வேண்டாம் என்கிறேன்? பெட்டித் தகடு மெல்லியது. அதில் ஒட்டிய கால், கிறவல் றோட்டில் ஆடி ஆடி, ஒட்டைச் சுற்றியுள்ள தகட்டையே கிழித்துக்கொண்டு வரும். சூடு பட்ட இடத்தில் நாகப்பூச்சும் பெயின்றும் எரிந்துபோகும், கல்லடி, கல்முனைக் கடற்காற்றில் அந்த இடம் கெதியில் துருவேறும். போதாக்குறைக்கு இப்போதைய கெப்கள் எல்லாம் கம்பியூட்டர் வைத்தவை. பற்றரியின் மறைக் கம்பியைக் கழற்றாமல் வெல்டிங் பிளான்டின் ஏர்த்தை எங்கோ ஒரு மூலையில் கவ்விவிட்டு ஒட்டினால் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி போய்விடக்கூடும். போன பிறகு, "முதலே பழுதா இருந்திருக்கும்" என்று ஒட்டியவர் சொல்வார். வண்டியின் தாங்கியும் எரிபொருள் குழாயும் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் போகின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ராக்கைத் தனியாக, வண்டிக்கு வெளியே நிலத்தில் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். அங்கிள் இரும்பு போதும். பிறகு கொண்டுவந்து, பெட்டியில் ஏற்கெனவே உள்ள கட்டு வளையங்களின் போல்ட் துளைகளில் பூட்டுங்கள். துளை போதாமல் புதிதாகத் துளைத்தால், துளைக்கும் இடத்துக்குக் கீழே தாங்கி, பிரேக் குழாய், வயர் ஏதும் இல்லையென்று கண்ணால் கண்ட பிறகே துளையுங்கள். 10 மில்லிமீற்றர் போல்ட், தலையில் 8.8 என்று குத்தியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். தகட்டுக்குக் கீழே வெறும் வாஷர் போடாமல் உள்ளங்கை அகலத்தில் தடித்த இரும்புத் துண்டை வைத்து இறுக்க வேண்டும். துளை விளிம்புக்குத் துருத்தடுப்புப் பூச்சும் சீலன்றும். இதை அரை நாளில் செய்யலாம். ஒட்டுவதைவிடக் கூடப் போகும் செலவு சில போல்ட்டின் விலைதான்.

கேனுக்கும் ராக்குக்கும் இடையில் ஆட்டம் இருக்கவே கூடாது. அறுவடை முடிந்து திரும்பும் வண்டியிலிருந்து கேனைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ராக்கின் ஒட்டு மேட்டில் உரசிய இடத்தில் பெயின்ற் போய் வெள்ளிக்கோடு போல இரும்பு மினுங்கும். அந்தக் கோட்டின் நடுவில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்திருந்தால், அதைச் சுற்றிப் புழுதி டீசலில் ஊறிக் கறுப்புக் களிபோல ஒட்டியிருக்கும். ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது, அந்தக் களிதான் தெரியும். ஆகவே ராக்கின் ஒட்டு மேடுகளை எல்லாம் கிரைண்டரால் மட்டமாக்கி, கேன் படும் இடமெல்லாம் தடித்த றப்பர் பட்டி போடுங்கள். மேலே ராச்செட் பெல்ட் போட்டு இறுக்குங்கள். கயிறு வேண்டாம், கயிறு தளரும். வெயிலில் வெளிறிப் பிசிறு கிளம்பிய பெல்ட்டைத் தூக்கி எறியுங்கள்.

சரி, இப்போது கேன். என் கவலையெல்லாம் இதில்தான்.

"ஆமிக் கேன்" என்று புதுப் பச்சைப் பெயின்ற் அடித்து விற்கிறார்கள். பெயின்ற் எவ்வளவு மினுக்கமோ அவ்வளவுக்குச் சந்தேகப்படுங்கள். மூடியைத் திறந்து வெயிலில் சாய்த்து உள்ளே பாருங்கள். துரு செதில் செதிலாக இருந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்தச் செதில் டீசல் பில்டரை அடைக்கும். மூடியின் றப்பரை நகத்தால் அழுத்துங்கள், வெடிப்புத் தெரிந்தால் அது ஆவியைப் பிடிக்காது. வாங்கிய கேனில் தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு காய்ந்த காட்போட் மட்டையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் மட்டை நனைந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். நனையாவிட்டால் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள், ஏனென்றால் இப்போதைய டீசல் எஞ்சின்களின் இன்ஜெக்டருக்குத் தண்ணீர் எமன். ஒழுகும் கேனை "ஒட்டித் தாறன்" என்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பெற்றோல் இருந்த வெறுங்கேன் நிரம்பிய கேனைவிட ஆபத்தானது. உள்ளே ஒட்டியிருக்கும் கொஞ்சப் பெற்றோலின் ஆவி காற்றோடு கலந்து நிற்கும், ஒட்டும் பொறி பட்டதும் கேன் வெடிக்கும். டீசல் கேனும் சூட்டில் அதே வேலையைச் செய்யும். கழுவிவிட்டேன் என்பது பதில் அல்ல.

அடுத்தது பழைய பிளாஸ்டிக் கேன்கள். நீலத்திலும் வெள்ளையிலும், லேபல் சுரண்டிய அடையாளத்தோடு வருபவை. எந்த இரசாயனம், எந்த மருந்து அதில் வந்ததென்று விற்பவருக்கே தெரியாது. தண்ணீர்ப் போத்தலும் எண்ணெய்க் கேனும் பெற்றோலுக்கு ஆனவை அல்ல.

இதில் விலக்கும் உண்டு. அதைச் சரியாகச் சொல்லாவிட்டால் வாழைச்சேனைப் பக்கத்து மீனவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். படகின் வெளியிணைப்பு எஞ்சினோடு வரும் சிவப்புப் பிளாஸ்டிக் தாங்கி, யமஹாவுக்கு 24 லீற்றரில் வருவது, எரிபொருளுக்கென்றே செய்தது. அதைக் கெப்பில் கொண்டுபோவதில் தவறில்லை. ஆனால் அதன் மூடியில் காற்றுத் திருகு ஒன்று இருக்கிறது. படகு ஓடும்போது அதைத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் எரிபொருளை இழுக்காது. கரையேற்றி வண்டியில் வைக்கும்போது அதே திருகை இறுக்கி மூட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ஆவியும் பெற்றோலும் வெளியே தெறிக்கும். குழாயைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். வெயிலில் தாங்கி உப்பினால் நிழலில் நிறுத்தி, மெதுவாகத் திருகைத் திறந்து காற்றை விட்டு மறுபடி மூடுங்கள். பக்கத்தில் பீடி கூடாது. அதேபோல எரிபொருளுக்கென்று செய்த புதிய பிளாஸ்டிக் கேனில் ஐக்கிய நாடுகள் முத்திரையும் செய்த ஆண்டும் பொறித்திருக்கும். அப்படியான கேனுக்கு ஐந்து வருடம்தான் கணக்கு. நன்றாகத்தானே இருக்கிறது என்று அதற்குமேல் வைத்திருக்காதீர்கள். முத்திரை இல்லாமல் முக்கோணத்துக்குள் 2 என்று மட்டும் இருந்தால், அது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்கிறது, கேன் எதற்கானது என்பதைச் சொல்லவில்லை. கடைக்காரர் அந்த 2ஐக் காட்டித்தான் விற்பார்.

நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கி நிலத்தில் வையுங்கள். பின்பெட்டியில் பிளாஸ்டிக் லைனர் இருந்தால் கட்டாயம். லைனர் மின்னேற்றத்தை நிலத்துக்குப் போகவிடாது, கேனில் சேர்ந்த மின்னேற்றம் பைப் முனையில் பொறியாகப் பாய்ந்தால் போதும். பைப் முனை கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். 20 லீற்றர் கேனில் 19 மட்டும் அடியுங்கள். நிலத்தடித் தாங்கியிலிருந்து வரும் எரிபொருள் வெயிலில் 20 பாகை கூடச் சூடானால் பெற்றோல் ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் விரியும், டீசல் அதைவிடக் கொஞ்சம் குறைய.

ஆனால் ஷெட்டில் கேனுக்கு அடிப்பார்களா என்பதே முதல் கேள்வி. 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிடக் கியூ.ஆர் முறை வந்தது, 2023 செப்டெம்பரில் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஒளித்துச் சேர்த்தவர்களால் கேன் தூக்கியவன் எல்லாம் கள்ளன் ஆனான். இன்றும் ஷெட்டுக்கு ஷெட் ஒரு சட்டம், ஆளுக்கு ஆள் ஒரு பதில். வயலுக்கு டீசல் கொண்டுபோகும் ஒரு விவசாயி எத்தனை லீற்றர், எந்தக் கேனில், எப்படிக் கொண்டுபோகலாம் என்று ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் ஒட்டிவிட்டால் பாதிக் கரைச்சல் தீர்ந்துவிடும். அதைச் செய்ய யாருக்கும் நேரமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் உங்கள் பெமிட்காரர் கடை போட்டிருக்கிறார்.

அவர் விற்பது உங்கள் பயத்தை. உண்மை இவ்வளவுதான்: வண்டியின் உடலமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், பதிவுப் புத்தகத்தில் உள்ளதும் வண்டியும் ஒத்திருக்க வேண்டும். நட்டுச் சாவியால் கழற்றி இறக்கக்கூடிய ராக், பெட்டியின் உயரத்துக்கு மேலும் அகலத்துக்கு வெளியேயும் போகாமல், விளக்கையும் இலக்கத்தகட்டையும் மறைக்காமல் இருந்தால், அது ஏற்றிய சாமான் என்று வாதிட உங்களுக்கு நல்ல இடமிருக்கிறது. தகட்டில் ஒட்டிவிட்டால் அந்த வாதம் போய்விடும். ஒட்ட வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்று பொலிஸார் பஸ், முச்சக்கர வண்டிகளில் கூடுதலாகப் பூட்டியவற்றைக் கழற்ற வைத்தது ஞாபகம் இருக்கும். மறுபடி அப்படியொரு அலை வந்தால் கழற்ற முடிந்தவன் கழற்றிவிட்டுப் போவான். சந்தேகமிருந்தால் ராக்கின் படத்தோடும் அளவோடும் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதிப் பதிலை எழுத்தில் கேளுங்கள். கட்டணம் ஏதும் இருந்தால் கவுண்டரில் கட்டி ரசீது வாங்குங்கள். வாசலில் நிற்பவர் தரும் துண்டுக் கடதாசி ரசீது அல்ல. விற்பதற்கு எரிபொருள் ஏற்றுவதென்றால் சட்டமே வேறு, உங்கள் கேள்வி அதுவல்ல.

வண்டி லீசிங்கில் இருந்தால் துளைக்கமுன் கம்பனியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காப்புறுதிக்காரருக்கும் கேன் கொண்டுபோவதை எழுதி அறிவித்து, அந்தக் கடிதத்தின் பிரதியை வண்டியிலேயே வைத்திருங்கள். தீப்பிடித்த பிறகு, "நீங்கள் எங்களுக்குச் சொல்லவில்லையே" என்பதுதான் அவர்களின் முதல் வசனமாக இருக்கும்.

உலர்தூள் தீயணைப்பான் ஒன்றை ராக்கில் மாட்டாமல் சாரதி சீற்றுக்குப் பக்கத்தில் பூட்டுங்கள். தீ பின்னால் எரியும்போது பின்னால் இருக்கும் அணைப்பானை யார் எடுப்பது? அப்புறம், ராக் பூட்டி முதல்முறை வட்டைக்குப் போய்த் திரும்பியதும் எல்லா நட்டையும் ஒருமுறை சாவி போட்டுப் பாருங்கள். புதிதாகப் பூட்டியது முதல் கிறவல் ஓட்டத்தில் கட்டாயம் கொஞ்சம் இளகியிருக்கும்.