பேயிங் கெஸ்ட்டாகத் தங்கியிருப்பவர்களிடம் மனம் நோகாமல் சுத்தத்தைப் பற்றி எப்படிச் சொல்வது?

கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும். வீட்டில் இரண்டு பேரைத் தங்க வைத்திருக்கிறீர்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் சிங்க்கில் பாத்திரம் குவிகிறது, குளியலறையில் முடி கிடக்கிறது, சொன்னால் கோபித்துக்கொண்டு காலி செய்துவிடுவார்களோ என்று பயம். நீங்கள் எழுதாத ஒன்றையும் நானே சொல்கிறேன். அவர்கள் வெளியே கிளம்பியதும் எல்லாவற்றையும் நீங்களே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ராத்திரி படுத்த பிறகு மனதுக்குள் அவர்களோடு சண்டை போடுகிறீர்கள். சரியா? ஏழு வருஷம் நான் பார்த்த உத்தியோகம் அது.

'காசு வாங்குறீங்கல்ல, நீங்கதான் துடைக்கணும்' என்று பின்னூட்டத்தில் ஒருவர் கட்டாயம் வருவார். வாங்குகிறேன், மறைக்கவில்லை. அறைக்கு வாங்குகிறேன், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் வாங்குகிறேன். ஒருவர் தின்றுவிட்டு வைத்த எச்சில் தட்டு அந்தக் கணக்கில் வராது. 'ஆள் வைக்க வேண்டியதுதானே' என்பார் இன்னொருவர். வைத்திருந்தேன். நாலாவது மாதம் நின்றுவிட்டார். போகும்போது அவர் சொன்னது: "கூட்டத்தான் வந்தேன்மா, அள்ள வரல." அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

என் கதைக்கு வருகிறேன். அப்போது நான்கு பேர் தங்கியிருந்தார்கள். ஒருநாள் காலையில் அடுப்படிக்குப் போனால் அடுப்பின் மேல் பால் பாத்திரம். பால் பொங்கி வழிந்து, மிச்சம் அடியில் தீய்ந்து, கரியாகப் பிடித்துக் கிடந்தது. பர்னரின் துளைகளுக்குள் எல்லாம் பழுப்பாகப் பால் உறைந்திருந்தது. அன்றைக்கு ஏதோ ஒரு வீம்பு, நான் தொடப்போவதில்லை என்று முடிவு செய்தேன். நான்கு நாள். அந்தப் பாத்திரத்தை ஒருவர் இடதுபக்க அடுப்புக்கு நகர்த்தினார், இன்னொருவர் வலதுபக்கம். யாரோ தண்ணீர் ஊற்றி ஊற வைத்தார், அதோடு அவர் கடமை முடிந்தது. மூன்றாம் நாள் நாற்றம் தொடங்கிவிட்டது. நாலாம் நாள் நால்வரையும் உட்கார வைத்துக் கேட்டேன். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை. இன்றுவரை யார் வேலை என்று தெரியாது. அதில் ஒரு பெண் இப்போதும் என் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவாள். படிக்கும்போதெல்லாம், 'நீதானாடி அது?' என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்கிறது.

அதற்குப் பிறகு எழுதி ஒட்டினேன். சிங்க்குக்கு மேலே, ஃப்ரிட்ஜ் கதவில், குளியலறைக் கதவின் உள்பக்கம். எண்ணிப் பார்த்தால் 14 சீட்டு. முதல் வாரம் படித்தார்கள். பிறகு அவை சுவரோடு சுவராகிவிட்டன. ஒன்றில் 'தயவுசெய்து' என்பதை நான் தப்பாக எழுதியிருந்தேன். ஆறு மாதம் கழித்து நானேதான் கண்டுபிடித்தேன். அவ்வளவுதான் அவற்றைப் படித்த லட்சணம்.

அடுத்தது அபராதம். கழுவாமல் விட்ட பாத்திரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு டப்பா வைத்தேன். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் நீங்களும் இதைச் செய்வீர்கள். இரண்டாவது திங்கட்கிழமை ஒரு தம்பி வந்து, "ஆன்ட்டி, இந்த வாரத்துக்கு மொத்தமா போட்டுட்டேன்" என்றான். கிண்டல் இல்லை. நிஜமாகவே எனக்கு உதவி செய்கிற முகத்தோடு சொன்னான்! அவனைப் பொறுத்தவரை கணக்கு தீர்ந்துவிட்டது, இனி நான் கழுவ வேண்டும்.

பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த இன்னொரு பையன் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் 10 குழந்தைக் காப்பகங்களில் இதையே ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்களாம். குழந்தையைக் கூட்டிப்போக லேட்டாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் அபராதம் போட்டார்கள். லேட்டாக வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2000-ஆம் ஆண்டு கட்டுரையாக வந்த ஆய்வு அது. 'ஐயோ, டீச்சர் காத்திருப்பாரே' என்ற உறுத்தல் இருந்த இடத்தில் 'காசு கட்டுகிறோமே' என்ற தைரியம் வந்துவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைமை திரும்பவில்லையாம். என் வீட்டிலும் அதே கதைதான். டப்பாவை எடுத்துவிட்டேன், பாத்திரம் அப்படியே கிடந்தது.

உருப்படியாக வேலை செய்தது எது என்றால், தட்டைக் குறைத்ததுதான். சிரிக்காதீர்கள். என் அலமாரியில் 22 தட்டு இருந்தது. 22 தட்டு இருந்தால் 22-ம் அழுக்காகும் வரைக்கும் ஒருவருக்கும் கழுவத் தோன்றாது. இப்போது ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு கோப்பை, ஒரு ஸ்பூன், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறம். மிச்சத்தைப் பரணில் ஏற்றிவிட்டேன். சிங்க்கில் நீலத் தட்டு கிடந்தால் அது யாருடையது என்று விசாரணை வேண்டாம். அதைவிட முக்கியம், அடுத்த வேளைக்கு அந்த நீலத் தட்டு இல்லாமல் அவரால் சாப்பிட முடியாது. ஒரே வாரம்தான், சிங்க்கின் அடி தெரிந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

பரண் என்றதும் நினைவு வருகிறது. அந்தத் தட்டுகளை ஏற்ற நான் நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறினேன், இந்த முழங்காலோடு. ஏன் என்றால் என் ஏணி என் தம்பி வீட்டில் இருக்கிறது. பல்பு மாற்ற வேண்டும் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கிப் போனான். ஒரு பல்பு மாற்ற நாலு வருஷம்! கேட்டால் 'அடுத்த வாரம் கொண்டாறேன்க்கா' என்பான். இதே தம்பிதான் நாலு சொந்தக்காரர் கூடின இடத்தில் என்னை 'ஹாஸ்டல் வார்டன்' என்று கூப்பிட்டுச் சிரிக்க வைப்பவன். அவன் மகனுக்கு வேலை கிடைத்ததும் மூன்று மாதம் இந்த ஹாஸ்டலில்தான் தங்கினான், ஒரு காசு நான் கேட்கவில்லை. ஈரத் துண்டைக் கட்டில் மேலே போட்டுவிட்டுப் போவான். காசு கொடுக்கிறவர்கள்கூட அப்படிச் செய்ததில்லை. சரி, விடுங்கள், எங்கேயோ போகிறேன்.

குளியலறை. அங்கே நிறம் பிரித்து வைக்க முடியாது, காட்டித்தான் ஆக வேண்டும். ஒருமுறை தண்ணீர் இறங்காமல் கணுக்கால் வரை நின்றது. பிளம்பர் கம்பியை விட்டு இழுத்தார். முழ நீளத்துக்கு ஒரு வால் வந்தது, சாம்பல் நிறத்தில், வழவழவென்று. முடி முடியோடு பின்னி, அதன் மேல் சோப்புப் பசை ஏறி, கயிறாகவே ஆகியிருந்தது. வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அன்றே வடிகால் வாயில் ஒரு சல்லடை மூடி போட்டேன். இப்போது யார் புதிதாக வந்தாலும் முதல் நாளே அந்த மூடியைக் கையில் கொடுத்து, குளித்து முடித்ததும் முடியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, வைப்பரால் தரையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வரச் சொல்வேன். 'சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு அர்த்தம். மூடியில் இருக்கும் முடிக்கு ஒரே அர்த்தம்தான்.

இதை முதல் நாளே செய்யுங்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் வீட்டைச் சுற்றிக் காட்டும்போதே சொன்னால் அது விவரம். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் அது புகார். ஏற்கெனவே மூன்று மாதம் ஆகிவிட்டது என்றால், உங்கள் மேல் பழியைப் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்: "நான் முதல்லயே சொல்லியிருக்கணும், தப்பு என்னுதுதான்." பாதி உண்மைதானே அது. நாம் வாயை மூடிக்கொண்டு கழுவியதால்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. கழுவிய பாத்திரத்தை யார் கழுவினார் என்று அதுவா சொல்லும்?

இதற்கும் அந்தப் பொருளாதாரப் பையன் ஒரு விளையாட்டு வைத்தான். வீட்டுப் பொது வேலையில் தன் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று என்னையும் சேர்த்து ஐந்து பேரும் சீட்டில் எழுதினோம். கூட்டினால் 170. 1979-இல் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கணவன் மனைவியரிடம் இதே மாதிரி கேட்டபோதும் இருவர் சொன்னதையும் கூட்டினால் மொத்த வேலையை மிஞ்சியதாம். தான் செய்தது கண்ணில் நிற்கிறது, அடுத்தவர் செய்தது நிற்பதில்லை. நான் எழுதியது 80. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் இப்போதும் எனக்கு அது 80-தான்.

ஃப்ரிட்ஜ் பற்றி அதிகம் இல்லை. உள்ளே ஆளுக்கு ஒரு அடுக்கு, டப்பாவில் பெயரும் தேதியும், சமைத்தது மூன்று நாலு நாளுக்கு மேல் தங்கக்கூடாது, சனிக்கிழமை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுவேன். ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள், போதும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதனால் இதை என் பிடிவாதம் என்று யாரும் சொல்ல முடியாது.

எப்படிச் சொல்வது என்றுதானே கேட்டீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். குழுவில் போட்டால் செய்தவர் 'யாரையோ சொல்கிறார்' என்று நினைப்பார், செய்யாதவர் மூன்று பேர் புண்படுவார்கள். தனியாக, நேரில், ஒரே ஒரு விஷயம். களைத்து உள்ளே நுழையும்போது வேண்டாம். சாப்பிட்டு முடித்த பிறகு, "இந்த வாணலி இங்கேயே இருக்கேப்பா, எனக்கு அடுப்பு வேணுமே" என்றால் போதும். 'எப்பவும்', 'எத்தனை தடவை' என்ற இரண்டு வார்த்தையும் வரக்கூடாது. வந்துவிட்டால் வாணலி மறந்துபோய் மானப் பிரச்சினை ஆகிவிடும்.

சொல்கிறவர் கேட்கவும் வேண்டியிருக்கும், தயாராக இருங்கள். ஒருநாள் அந்தப் பொருளாதாரப் பையன்தான் தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, நீங்க காலைல அஞ்சு மணிக்குப் பாத்திரம் அடுக்குறது எங்க நாலு பேருக்குமே கேக்குது" என்றான். இத்தனை வருஷம் தங்கியவர்களில் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. இப்போது ராத்திரியே அடுக்கிவிடுகிறேன்.

எல்லோரும் திருந்துவார்கள் என்று சொல்லவில்லை. ஒருவர் நிறத் தட்டு, சல்லடை, நேரில் பேச்சு எல்லாவற்றையும் தாண்டினார், அடுத்தவர் நிறத்தில் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு முறை சொன்னேன், மூன்றாவது முறை ஒரு மாத அவகாசம் கொடுத்து வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இருவருக்கும் சேர்த்து அடுப்படியில் எத்தனை தட்டு வெளியே வைத்திருக்கிறீர்கள்? அதை நீங்கள் எழுதவே இல்லையே.