காலி கேஸும் அச்சும் ஒன்று சேர்ந்தால்

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் செய்கிறேன். பணத்தோடு போய்வர வேண்டியிருப்பதால் 6 வருடமாக .32 ரிவால்வருக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறேன். தோட்டா விலை அதிகம். நினைத்த நேரத்தில் கிடைப்பதும் இல்லை. பயிற்சியில் சுட்டபின் மிஞ்சும் காலி கேஸ்களை (பித்தளைக் கூடுகளை) எறியாமல் 200-க்கு மேல் சேர்த்திருக்கிறேன். பிரான்சில் இருக்கும் என் மச்சான் அங்கே கிளப்பில் சுடுகிறவர். தோட்டாவுக்கு வீட்டிலேயே மருந்து அடைத்துக்கொள்கிறார். போன முறை வந்தபோது என் ரிவால்வர் தோட்டா அளவுக்கு, கேஸில் திரும்ப மருந்து அடைக்க உதவும் அச்சு ஒரு செட் கொண்டுவந்து, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் மாமியார் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் அந்த அச்சைப் பொருத்தி அழுத்தும் கைப்பிரஸ் கொண்டுவருகிறாராம். விற்கப்போவதில்லை, சொந்த உபயோகத்துக்குத்தான். இதை எப்படி ஆரம்பிப்பது? லைசென்ஸ் இருப்பதால் சிக்கல் வராதுதானே?

பதில்: ஆரம்பிக்க வேண்டாம். முதல் வேலையாக மச்சானுக்குப் போன் போட்டு, பிரஸ்ஸைப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ரிவால்வரின் நம்பர் இருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா கையில் இருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று எழுதியிருக்கும். தோட்டா செய்துகொள்ளலாம் என்று ஒரு வரிகூட இருக்காது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் வைத்திருப்பதற்கு 3-ஆம் பிரிவு, தயாரிப்பதற்கு 5-ஆம் பிரிவு. ஒன்றுக்கு வாங்கிய லைசென்ஸ் மற்றதற்குச் செல்லாது. சொந்த உபயோகமா விற்பனையா என்று 5-ஆம் பிரிவு பிரித்துப் பார்ப்பதும் இல்லை. விற்றால் அது தனிக் குற்றம். விற்காமல் செய்தாலும் செய்ததுதான்.

பழைய கேஸில் திரும்ப மருந்து அடைப்பது எப்படித் தயாரிப்பு ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். சுட்டு முடித்த கேஸில் கேப் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி) செத்துவிட்டது, மருந்து எரிந்துவிட்டது, குண்டு போய்விட்டது. மிச்சம் வெறும் பித்தளைக் கூடு. அந்த மூன்றையும் புதிதாக வைத்து அழுத்தினால் கையில் வருவது சுடக்கூடிய தோட்டா. இதைத் தயாரிப்பு என்றுதான் நான் படிக்கிறேன், அரசுத் தரப்பும் அப்படித்தான் படிக்கும். மாற்று வாதம் வைக்க முடியாது என்று சொல்லவில்லை. அந்த வாதத்தை நீங்கள் ஜாமீனுக்கு நின்றுகொண்டு வைக்கும்படி ஆகக் கூடாது.

தண்டனையைக் கேளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் 25(1)-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்கு முன்பு 3 முதல் 7 வருடம் வரை இருந்தது. இப்போது குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதற்கே 2 முதல் 5 வருடம். அதில் மட்டும், தனிக் காரணங்களை எழுதி நீதிமன்றம் 2 வருடத்துக்குக் கீழே குறைக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது முத்தியால்பேட்டை வீடு. ‘தோட்டா’ என்றால் மருந்தும் குண்டும் உள்ளது மட்டும்தான் என்று நினைத்திருக்கிறீர்கள். சட்டத்தின் 2-ஆம் பிரிவில் உள்ள விளக்கம் அதைவிட அகலம்: தோட்டாவின் பாகங்களும் தோட்டா, அதைத் தயாரிக்கும் இயந்திரமும் தோட்டா. ஒரு கிராம் மருந்து இல்லாவிட்டாலும் அந்த அச்சும் வரப்போகும் பிரஸ்ஸும் இந்த விளக்கத்துக்குள் வந்துவிடும்.

காலி கேஸ்களுக்கு 45-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. சிறு பாகங்களை வைத்திருக்கலாம். ஆனால் அவற்றைப் பூர்த்தி செய்யும் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இருக்கக் கூடாது. அந்த மற்ற பாகங்கள் உங்களிடம் இருந்தாலும் இன்னொருவரிடம் இருந்தாலும் ஒன்றுதான். நினைவுக்காக மேசையில் நாலு கேஸ் நிறுத்தி வைத்திருப்பவருக்கு இந்த விலக்கு பொருந்தும். 200 கேஸைப் பையில் கட்டி, அதே அளவுக்கு அச்சு வரவழைத்து, பிரஸ் எப்போது வரும் என்று மச்சானிடம் செல்போனில் கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் பொருந்தாது. அந்த வாட்ஸ்அப் பேச்சே எண்ணத்துக்குச் சாட்சி.

அப்புறம் 35-ஆம் பிரிவு. பலர் சேர்ந்து இருக்கும் வீட்டில் இப்படிப் பொருள் கிடைத்தால், அது அங்கே இருப்பது தெரிந்திருக்கும் என்று நம்பக் காரணமுள்ள ஒவ்வொருவரும் பொறுப்பு. இல்லை என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். நான் நடத்திய ஒரு வழக்கில் சோதனை நடந்த அன்று மகன் வெளியூரில் இருந்தார். கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பித்தளைக் கேஸ்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார்கள். மகசரில் (கைப்பற்றிய பொருட்களைப் பதியும் போலீஸ் பட்டியலில்) கையெழுத்துப் போட்டவர் அவருடைய அம்மா. பேனாவைப் பிடித்தபடி, “இது என்ன சாமான் என்றே எனக்குத் தெரியாதே சார்” என்று சொல்லிக்கொண்டே போட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு முன்ஜாமீன் வாங்குவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உங்கள் மாமியாரை அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள்.

மருந்துக்கு வெடிபொருள் சட்டம், 1884-ம் அதன் 2008 விதிகளும் தனியாக இருக்கின்றன. பட்டாசு மருந்தை வைத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனை யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். .32 கேஸுக்குள் போகும் மருந்து கால் கிராம்கூட இருக்காது. அதில் அளவு தவறினால் ரிவால்வரின் தோட்டா உருளை உங்கள் கையிலேயே வெடிக்கலாம். 2020-ல் காட்டுமன்னார்கோவில் அருகே குருங்குடியில் பட்டாசு ஆலை வெடித்ததை நம் கடலூர் மாவட்டம் மறக்கவில்லை.

மச்சான் பிரான்சில் செய்வது அந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது, அதில் தப்பில்லை. இங்கே கொண்டுவருவதற்கு 10-ஆம் பிரிவு தடையாக நிற்கிறது. சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவு கொண்டுவரலாம் என்ற விலக்கு அதில் உண்டு. ஆனால் அது, அந்தப் பொருளை வைத்திருக்க ஏற்கெனவே உரிமை உள்ளவருக்கு. பிரஸ்ஸுக்கு உங்கள் இருவருக்குமே அந்த உரிமை இல்லை. “வந்த மாதிரியே திருப்பி எடுத்துப் போகட்டும்” என்பதும் வழியல்ல. வெளியே கொண்டுபோவதும் அதே 10-ஆம் பிரிவுதான்.

சரி, இருக்கிற அச்சை என்ன செய்வது? பைக் பெட்டியில் போட்டு முள்ளோடை தாண்டிக் கடலூருக்குக் கொண்டுவர வேண்டாம். கடலிலோ தென்பெண்ணையிலோ எறியவும் வேண்டாம். தடயத்தை மறைத்தது தனி வழக்காகும். புதுச்சேரியில் குற்றவியல் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார், ஒரு தோட்டாகூட அடைக்கப்படவில்லை என்பதை உள்ளபடி எழுதி, அவர் மூலமாகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். கேஸ்களையும் அதோடு சேர்த்துக் கணக்குக் காட்டிவிடலாம். இப்படிச் செய்தால் வழக்கே வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் 3-ஆம் பிரிவு வழக்குக்கு மாவட்ட நடுவரின் (மாவட்ட மாஜிஸ்ட்ரேட்), அதாவது கலெக்டரின், முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கோப்பு அவர் மேசைக்குப் போகும்போது உங்கள் கடிதம் அதில் இருக்க வேண்டும்.

தோட்டாத் தட்டுப்பாடு உண்மையான கஷ்டம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் கடலூர் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுங்கள். வருட அளவு போதவில்லை, பயிற்சிக்கு இத்தனை தேவை என்று, கிளப் உறுப்பினர் சான்றோடு கேளுங்கள். கை பழக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் .177 ஏர் பிஸ்டல் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். குண்டு வெளிவரும் விசை 20 ஜூலுக்குள் இருந்தால் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. குறி பார்ப்பதும் விசை இழுப்பதும் அதிலேயே நன்றாகப் பழகும்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது லைசென்ஸின் எல்லாப் பக்கங்களுக்கும் ஜெராக்ஸ், இதுவரை தோட்டா வாங்கிய பில்கள், மச்சான் வந்துபோன தேதிகள் மூன்றையும் எடுத்துப் போங்கள். செல்போனில் இருக்கும் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.