டெலிவரி வண்டி ஓட்டுபவரை மட்டமாகவும் பெரிய பைக் வைத்திருப்பவரை உசத்தியாகவும் பார்ப்பது ஏன்?

வண்டியையும் உடையையும் பார்த்தே ஓட்டுபவரின் வருமானம், பொறுப்பு, திறமை எல்லாவற்றையும் முடிவுகட்டுவதுதான் வர்க்க முத்திரை. அழுக்கு வண்டி என்றால் அக்கறையில்லாத ஆள், பளபளப்பு என்றால் தேர்ந்த ஆள்.

உண்மையில் கண்ணில் படுவது பெரும்பாலும் வண்டி ஓடிய கிலோமீட்டர்தான். மூடியில்லாத செயினுக்குச் சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும். தினம் 100 கி.மீ. ஓட்டுபவருக்கு அந்தக் கெடு 5 நாளில் வந்துவிடும். ஞாயிறு மட்டும் 60 கி.மீ. போகிறவருக்கு இரண்டு மாதம் ஆகும். நின்று நின்று போகும் நெரிசலில் கிளட்ச் தட்டும் பிரேக் கட்டையும் சீக்கிரம் தேயும், பின்னால் ஏற்றும் பெட்டியின் எடை பின் டயரைத் தின்னும். பட்டறையில் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போச்சு, பழுது தள்ளிப்போகிறது. (இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது?)

தினமும் அடுப்பேறும் வாணலியை, கண்ணாடி அலமாரியில் இருக்கும் விருந்துத் தட்டோடு ஒப்பிடுவது மாதிரிதான் இது.

சிசி கூடினால் ஓட்டும் திறமையும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். சிசி என்பது இன்ஜின் சிலிண்டரின் கொள்ளளவு மட்டுமே.