அவளுக்குப் பிடித்தது ஏஐ வேலை இல்லை, ஏஐ பாடம் நடத்துவது

நாமக்கல்லில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் சிபிஎஸ்இ பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள், கணிதப் பிரிவு. பத்தாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை ஆறாவது பாடமாக எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கினாள். அதை வைத்தே பெரியப்பாவும் பெங்களூரு மாமாவும் முடிவு செய்துவிட்டார்கள்: தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.டெக். ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ். விடுதியோடு சேர்த்து நான்கு ஆண்டுக்கு 14 லட்சம், அதில் 10 லட்சம் கடன். பெண்ணோ டீச்சர் ஆகணும் என்கிறாளாம். "சாயங்காலம் ஆனால் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். இவளை எப்படிக் கரையேற்றுவது?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது அந்த 10 லட்சத்துக்குத்தான்.

கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்கும். உங்கள் வீட்டில் அப்படி வைக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 10.5 சதவீத வட்டியில் 10 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 13,500 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. இதைக் கட்டப்போவது பெரியப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. ஆசையோடு படிக்கிற பிள்ளைக்காக இந்தச் சுமையைத் தூக்கலாமா என்றால் உட்கார்ந்து யோசிக்கலாம். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்கிற பிள்ளைக்காகத் தூக்கக் கூடாது. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

அந்தப் படிப்பின் பெயரில் ஏஐ இருப்பதால் மட்டும் அது உயர்ந்துவிடாது. பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ, 2024-25 கல்வியாண்டிலிருந்து நன்றாக இயங்கும் கல்லூரிகளுக்கு, ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்கள் பெருகிவிட்டன. அந்த வேகத்தில் பேராசிரியர்களைப் பெருக்க முடியாது. அதனால் கல்லூரியில் கேட்க வேண்டியது, நிகழ்தகவையும் மெஷின் லேர்னிங்கையும் (தரவிலிருந்து கணினியைக் கற்கவைக்கும் பாடம்) யார் நடத்துகிறார்கள், அவர் என்ன படித்தவர் என்பதைத்தான். ப்ரோஷரில் அது இருக்காது.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பு ப்ராஜெக்டுக்கு, படத்தைப் பார்த்து விரிசல் விட்ட முட்டையைக் கண்டுபிடிக்கும் ஒரு ஏஐ மாடல், அதாவது கணினி நிரல், செய்தாளாம். அப்புறம் தெருப் பிள்ளைகளிடம், "100 முட்டையில் 5 விரிசல். எல்லாமே நல்ல முட்டை என்று சொல்லும் மாடலுக்கு 95 மதிப்பெண் கொடுக்கலாமா?" என்று கேட்டு மடக்கினாளாம். அம்மா, அந்தப் பாடத்தில் மாணவர்கள் தடுமாறுகிற இடமே அதுதான். மொத்தத் துல்லியம் 95 சதவீதம், ஆனால் பிடிக்க வேண்டிய ஐந்தில் ஒன்றைக்கூட அது பிடிக்கவில்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு முட்டையை வைத்துப் புரியவைக்கிறவள் இதற்கென்றே அமைந்தவள். அதைப் பொறுப்பில்லாத்தனம் என்று நினைக்காதீர்கள்.

பள்ளியில் ஏஐ நடத்துவது இனி ஒரு தனித் தொழில். சிபிஎஸ்இ 2019-20-ல் ஒன்பதாம் வகுப்பில் இதைத் திறன் பாடமாகக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்புக்கும் வந்தது. பத்தாம் வகுப்பில் 50 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 50 செய்முறையும் ப்ராஜெக்டும். பிரச்சினையை வரையறுப்பது, தரவு திரட்டுவது, அதை அலசுவது, மாடல் அமைப்பது, சோதிப்பது என்று போகும் பாடம், பைத்தான் என்ற நிரல் மொழியும் உண்டு. 2026-27 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஏஐயும் கணினிவழிச் சிந்தனையும் வரும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. அந்தப் பாடத்திட்டக் குழுவின் தலைவர் சென்னை ஐஐடி பேராசிரியர் கார்த்திக் ராமன். தமிழக அரசுப் பள்ளிகளிலும் டிஎன் ஸ்பார்க் என்ற பெயரில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஏஐ, ரோபாட்டிக்ஸ் சொல்லித்தரும் திட்டம் தொடங்கியிருக்கிறது. பாடம் வந்துவிட்டது. அதற்கென்றே படித்த ஆசிரியர்கள் வரவில்லை. பல பள்ளிகளில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர் தலையில்தான் இதையும் வைக்கிறார்கள்.

மாமா ஒன்று சொன்னாராம், "கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.எட். முடித்தவர்கள் வருஷக்கணக்கில் வேலைக்குக் காத்திருக்கிறார்கள்" என்று. அது உண்மை. தமிழ்நாட்டில் அரசுப் பணி அறிவிப்பை எதிர்பார்த்து வயதைத் தொலைத்தவர்கள் பலர். தனியார் பள்ளிகளில் தொடக்கச் சம்பளம் பல ஊர்களில் வருத்தப்படும் அளவுக்குக் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். அதனால்தான் உங்கள் மகளைக் கணித ஆசிரியராகச் சொல்கிறேன், ஏஐ நடத்தத் தெரிந்த கணித ஆசிரியராக. கணித ஆசிரியர் இல்லாமல் எந்தப் பள்ளியும் நடக்காது. ஏஐ பாடத்தின் எலும்பும் நிகழ்தகவு, புள்ளியியல், அணிகள் (மேட்ரிக்ஸ்)தானே.

வழி இது. நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம், சுருக்கமாக ஐடெப். பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேர்ந்து பி.எஸ்சி. பி.எட். வாங்கலாம். மூன்று ஆண்டு பட்டம், இரண்டு ஆண்டு பி.எட். என்று போவதைவிட ஒரு வருடம் மிச்சம். இதற்கான நுழைவுத் தேர்வு என்செட், தேசியத் தேர்வு முகமை நடத்துவது, தமிழிலும் எழுதலாம். திருச்சி என்ஐடியில் இந்தப் படிப்பு இருக்கிறது. நம் வட்டாரத்தில் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பி.எஸ்சி. பி.எட். இருக்கிறது. என்சிஇஆர்டியின் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் தென் மாநிலங்களுக்காகவே 1963-ல் தொடங்கியது, ஆசிரியர் பயிற்சிக்குப் பழைய பெயர். எல்லாம் அரசு நிறுவனங்கள். வீட்டுப் பத்திரத்தைக் கையில் எடுக்க வேண்டிய தேவை வராது.

சேரும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கேந்திரிய வித்யாலயாவில் பட்டதாரி கணித ஆசிரியர் ஆக, பட்டத்தில் கணிதத்தோடு இயற்பியல், வேதியியல், எலக்ட்ரானிக்ஸ், கணினி அறிவியல், புள்ளியியல் ஆகியவற்றில் இரண்டு இருக்க வேண்டும். கணிதம், கணினி அறிவியல், புள்ளியியல் என்று அமைந்தால் உங்கள் மகளுக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. கிடைக்காவிட்டால் இயற்பியலோடு போகட்டும், ஆனால் இரண்டாவது துணைப் பாடம் எது என்று பார்த்துவிட்டே சேர வேண்டும். சீடெட் என்ற மத்திய ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். அங்கே தொடக்க அடிப்படைச் சம்பளம், ஏழாவது ஊதியக் குழுப்படி, 44,900 ரூபாய். முதுநிலை ஆசிரியர் என்றால் 47,600. போட்டி கடுமைதான். ஆனால் இந்த வரிசையில் அவள் கடனில்லாமல் நிற்பாள்.

ஏஐ பகுதிக்கு, இரண்டாம் ஆண்டில் சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பில் சேர முயன்று பார்க்கலாம். ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் இடம். முழுப் பட்டம்வரை போகாமல் டிப்ளமா கட்டத்தோடும் நிறுத்தலாம், பள்ளியில் பாடம் நடத்த அதுவே தாராளம். வருமானச் சான்று, சாதிச் சான்று அடிப்படையில் கட்டணச் சலுகை உண்டு. முதலாம் ஆண்டிலேயே இரண்டையும் சுமத்தாதீர்கள். பிள்ளை மூச்சு விடட்டும்.

உடனே செய்ய வேண்டியது: என்செட் விண்ணப்பம் பொதுத்தேர்வுச் சமயத்தை ஒட்டித்தான் திறக்கும், அந்தப் பரபரப்பில் தவறவிடுகிறவர்கள் அதிகம். தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தை அவளையே வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கல்லூரி சீட்டைப் பிடித்து வைக்க 50,000 அட்வான்ஸ் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். கட்டாதீர்கள். மாமா கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுங்கள், அவரிடம் நானே பேசுகிறேன்.