டிரிகர் ஸ்பிரிங்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள், தம்பி

மதுரையில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறீர்கள், இரண்டு மாதத்தில் வேலைக்குச் சிங்கப்பூர் வருகிறீர்கள், டிரிகர் பாகங்கள் தேய்ந்துவிட்டன. பிஸ்டல் செய்த கம்பெனியின் பார்ட் போடுவதா, வேறு ஆள் செய்த விலை குறைந்த வெளி பார்ட் போதுமா, ஊரிலேயே வாங்கிக் கையோடு கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகையும் சைவச் சாப்பாடும். கடைசி இரண்டையும் விடுங்கள், இங்கே லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு சாயங்காலம் நடந்தால் பதில் தானாகக் கிடைக்கும்.

அந்தக் ‘கையோடு’தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நான் வந்தது 2007ல். ஊர்க்கார அண்ணன் ஒருவர், “வரும்போது பர்மா பஜார்ல பிஸ்டல் மாதிரி ஒரு லைட்டர் வாங்கிட்டு வாடா” என்றிருந்தார். கேஸ் ஏற்றாத காலி லைட்டர்தானே என்று லுங்கிக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன். சாங்கியில் பெட்டி ஸ்கேனருக்குள் போனதும் திரையில் லுங்கியும் தெரியவில்லை, ஊறுகாய் பாட்டிலும் தெரியவில்லை, பளிச்சென்று ஒரு பிஸ்டல் மட்டும் தெரிந்தது. வந்த அதிகாரி நம்மவர். “லைட்டர்னு எனக்கும் தெரியுது அண்ணே. இந்த வடிவத்துல லைட்டரே நாட்டுக்குள்ள வரக்கூடாது” என்றார். இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு, லைட்டரைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதற்குள் ஏஜென்ட் வேன் போய்விட்டது. டார்மிட்டரி போய்ச் சேரும்போது நள்ளிரவு. பெயர்கூடத் தெரியாத ஒரு பரங்கிப்பேட்டை பாய் தன் பங்குச் சோற்றில் பாதியைத் தட்டில் தள்ளினார்.

பொம்மைக்கே அந்தப் பாடு. நீங்கள் கேட்பது நிஜப் பாகம். இங்கே 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்றால் ஏர் பிஸ்டலும் சேர்த்திதான், அதன் உதிரிப் பாகமும் சேர்த்திதான். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஊரில் .177 அங்குலக் குழல் ஏர் பிஸ்டலை லைசென்ஸ் இல்லாமல் வாங்கி பீரோவில் துணிக்கு நடுவே வைத்த பழக்கத்தை மீனம்பாக்கத்திலேயே இறக்கிவிட்டு வாருங்கள். இங்கே கிளப்பில் சேர வேண்டும், பிஸ்டல் கிளப்பின் ஆர்மரியிலேயே, அதாவது ஆயுத அறையிலேயே இருக்கும், வீட்டுக்கு வராது. பாகம் வரவழைப்பதும் மாற்றுவதும் கிளப் வழியாக, முறையான அனுமதியோடு. முதலில் கிளப்புக்கு எழுதுங்கள், அப்புறம் பார்ட்ஸ் பேசலாம்.

சரி, பார்ட்ஸ். துவாஸில் பதினாறு வருஷமாக மெஷின் ஷாப்பில் இருக்கிறேன், மைக்ரான் கணக்கில் அளந்து அளந்து கண் பூத்தவன், அதனால் கொஞ்சம் அடித்துச் சொல்வேன். கைப்பிடியா, விரல் படுகிற டிரிகர் தகடா? வெளி பார்ட் தாராளமாகப் போடலாம், சில கைக்கு அதுதான் நன்றாகவும் பொருந்தும். சியரும் ஸ்பிரிங்கும் அப்படியில்லை. சியர் என்பது டிரிகரை இழுக்கும்வரை சுடும் பொறியைப் பிடித்து நிறுத்துகிற, நகக்கண் அளவு விளிம்பு. பாரமெல்லாம் அதில்தான் நிற்கிறது. சூடாக்கிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் சரியில்லாத உலோகம் என்றால் புதிதில் வெண்ணெயாக விடும், சில ஆயிரம் ஷாட்டில் விளிம்பு மழுங்கி, டிரிகரை இழுக்க இன்று ஒரு எடை, நாளை ஒரு எடை என்று அலைக்கழிக்கும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும்.

எங்கள் கிளப் நண்பர் மலிவான ஸ்பிரிங் ஒன்றைப் போட்டுவிட்டு, “என்னமா விடுது பாரு” என்று பூரித்துக்கொண்டிருந்தார். போட்டியன்று பரிசோதனை மேசை. ஏர் பிஸ்டல் டிரிகர் 500 கிராமாவது தாங்க வேண்டும். குழலை நேர் மேலே நிமிர்த்தி, டிரிகரில் எடைக்கட்டியைக் கொக்கியால் மாட்டி, மேசையிலிருந்து மெல்லத் தூக்க வேண்டும். கட்டி மேசையை விட்டு எழும்புவதற்குள் ‘டிக்’ என்று டிரிகர் விட்டுவிட்டது. மூன்று தடவையும் ‘டிக்’. மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

கம்பெனி பார்ட் போட இன்னொரு காரணமும் உண்டு. பெரிய போட்டிகளில் பிஸ்டல் கம்பெனிகளே சர்வீஸ் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் இருப்பது அவர்கள் பாகம்தான். எவ்வளவு நல்ல பிஸ்டலும் கைவிடும். 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை மனு பாக்கருக்குப் போட்டி நடுவிலேயே பிஸ்டல் பழுதாகி நேரம் போய், இறுதிச்சுற்றும் போனது. அதே பெண் 2024ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார் என்பது வேறு கதை.

இங்கே சிலர் சொல்வார்கள், “ஆன்லைன்ல தட்டுப்பா, ஸ்பிரிங்னு எழுதி அனுப்பிடுவான், எவன் பார்க்கப்போறான்” என்று. பத்து வருஷம் இருந்தும் ஊரைப் படிக்காதவர்கள். பார்சல் பிடிபட்டால் அதில் உங்கள் பெயர்தான் இருக்கும், யோசனை சொன்னவர் காப்பிக்கடையில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருப்பார். எடுத்ததற்கெல்லாம் ஃபைன் என்று புலம்புவதும் இதே கூட்டம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து என் மனைவி தனியாக நடந்து வருகிறாள், எனக்கு அந்தக் கணக்குப் போதும்.

லைட்டர் கேட்ட அண்ணனுக்கு இப்போது பேரன் பிறந்துவிட்டான். போன தீபாவளிக்குத் தேக்காவில் மாலைக் கடை முன்னால் பார்த்தேன். “டேய், என் லைட்டர் எங்கடா?” என்றார்.